வீட்டுப் பட்டறைக்கு எந்த அளவு கேஸ் சிலிண்டர்?

டிராக்டர், பவர் டில்லர், ரோட்டவேட்டர், அறுவடை இயந்திரம் என்று வயலில் இரும்பு பெருகிவிட்ட பிறகு, ஊருக்கு ஒரு வெல்டிங் பட்டறையாவது இல்லாமல் முடியாது என்ற நிலை வந்துவிட்டது. கேஜ் வீலின் பட்டை விட்டுப் போவதும், கல்டிவேட்டரின் கொழுக்கால் வளைவதும், டிரெய்லரின் கொக்கித் துளை தேய்ந்து அகலமாவதும் வேலை மும்முரமாக நடக்கும் நாளில்தான் நிகழும். டவுனுக்கு ஏற்றிக் கொண்டு போனால் ஒரு நாள் போயிற்று. இதனால் விவசாயக் குடும்பங்கள் பலவற்றில், ஐ.டி.ஐ.யில் வெல்டர் படித்த பிள்ளைகள் வீட்டோரச் சாய்ப்பிலேயே பட்டறை போட்டு, தங்கள் வேலையையும் அண்டை அயலார் வேலையையும் பார்த்துக் கொள்கிறார்கள். வரவேற்க வேண்டிய காரியம்தான்.

மின்சார ஆர்க் வெல்டிங் இயந்திரம் வாங்குவதில் பெரிய குழப்பம் எதுவும் இல்லை. வெட்டுவதற்கும், காய்ச்சுவதற்கும், மெல்லிய தகட்டை ஒட்டுவதற்கும் கேஸ் செட் வாங்கும்போதுதான் தடுமாற்றம் வருகிறது. சிலிண்டர் பெரியதாக எடுப்பதா, சிறியதாக எடுப்பதா? சிறியதற்கு வைப்புத் தொகை குறைவு, தூக்க எளிது, வீட்டுப் பட்டறைக்கு இது போதாதா என்று தோன்றும். சிறிய சிலிண்டர் சீக்கிரம் தீரும், பெரிய சிலிண்டர் நாள்பட வரும், வித்தியாசம் அவ்வளவுதான் என்று பலரும் எண்ணுகிறார்கள். ஆக்சிஜனைப் பொறுத்தவரை இது சரி. அசிட்டிலினைப் பொறுத்தவரை இது தவறு, ஆபத்தான தவறும்கூட.

அசிட்டிலின் சிலிண்டருக்குள் என்ன இருக்கிறது?

ஆக்சிஜன் சிலிண்டர் உள்ளே வெற்றிடமான எஃகுக் கூடு. அதில் வாயுவை அழுத்தி அடைக்கிறார்கள். அசிட்டிலினை அப்படி அடைக்க முடியாது. ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ அழுத்தத்தைத் தாண்டினாலே அது தானாகச் சிதைந்து வெடிக்கக் கூடிய வாயு. ஆகவே அந்தச் சிலிண்டருக்குள் முதலில் நுண்துளைகள் நிறைந்த ஒரு பொருளைக் கெட்டியாக நிரப்பி, அதில் அசிட்டோன் என்ற திரவத்தை ஊற வைத்து, அந்தத் திரவத்தில் அசிட்டிலினைக் கரைத்து வைக்கிறார்கள்.

கோலி சோடாவைப் பார்த்தவர்களுக்கு மீதியை விளக்கத் தேவையில்லை. கோலியை மெதுவாக அமுக்கினால் வாயு மட்டும் வெளியேறும். படக்கென்று அமுக்கினால் நுரையோடு தண்ணீரும் பொங்கி வரும். அசிட்டிலின் சிலிண்டரும் அப்படித்தான். கரைந்திருக்கும் வாயு திரவத்தை விட்டுப் பிரிந்து வர நேரம் வேண்டும். அவசரப்பட்டு இழுத்தால் அசிட்டோனும் சேர்ந்து ரெகுலேட்டருக்கும் ரப்பர் குழாய்க்கும் வந்து சேரும். ரப்பர் கெடும், சுடர் நிலையில்லாமல் ஆடும். நாசிலுக்கு வேண்டிய வாயு கிடைக்காதபோது சுடர் பட்டென்று வெடித்து உள்ளே திரும்பும். அது குழாய்க்குள் பின்னோக்கி ஓடினால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அசிட்டோனை இழந்த சிலிண்டரில் அடுத்த முறை நிரப்பும் வாயுவும் பாதுகாப்பாகத் தங்காது.

இதற்காகவே ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். விட்டு விட்டுச் செய்யும் வேலைக்கு, சிலிண்டரின் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் ஒரு மணி நேரத்தில் இழுக்கக் கூடாது. நிறுத்தாமல் செய்யும் வேலைக்குப் பதினைந்தில் ஒரு பங்குதான். பழைய கைநூல்களில் ஏழில் ஒரு பங்கு என்று இருக்கும். அதை வைத்துக் கொண்டு இன்று கணக்குப் போட வேண்டாம்.

ஆக, அசிட்டிலின் சிலிண்டரின் அளவைத் தீர்மானிப்பது அது எத்தனை நாள் வரும் என்பதல்ல. பட்டறையில் எரிய வேண்டிய மிகப் பெரிய சுடர் எது என்பதே.

நாசிலின் பசி

கேஸ் வெல்டிங் நாசில்களில் 1, 2, 3, 5, 7, 10, 13, 18 என்று எண் போட்டிருப்பதை வெல்டர்கள் அறிவார்கள். அந்த எண்ணுக்கு அர்த்தம் உண்டு. அந்த நாசில் ஒரு மணி நேரத்தில் சுமார் எத்தனை கன அடி அசிட்டிலின் குடிக்கும் என்பதே அது. ஆக்சிஜனும் ஏறக்குறைய அதே அளவு ஆகும். ஒரு கன அடி என்பது சுமார் 28 லிட்டர். 3-ம் எண் நாசில் மணிக்கு 85 லிட்டர், 7-ம் எண் 200 லிட்டர், 10-ம் எண் 285 லிட்டர், 13-ம் எண் 370 லிட்டர், 18-ம் எண் 510 லிட்டர் என்று கொள்ளலாம். மட்கார்டு போன்ற 2 மில்லிமீட்டர் தகட்டுக்கு 3-ம் எண் பொருந்தும். 3 மில்லிமீட்டர் டிரெய்லர் தகட்டுக்கு 7-ம் எண்ணும், 5 மில்லிமீட்டருக்கு 13-ம் எண்ணும் வேண்டும்.

இனி சிலிண்டருக்கு வருவோம். அசிட்டிலின் சிலிண்டரின் அளவு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். கணக்குக்காக ஒரு கன மீட்டர், மூன்று கன மீட்டர், ஆறு கன மீட்டர் என்று மூன்றை எடுத்துக் கொள்வோம். ஒரு கன மீட்டர் என்பது 1,000 லிட்டர்.

சிறிய சிலிண்டரில் பத்தில் ஒரு பங்கு 100 லிட்டர். அதாவது 3-ம் எண் நாசிலோடு அதன் சக்தி முடிந்தது. குளிர்சாதனப் பெட்டி பழுது பார்ப்பவர் செப்புக் குழாயை ஒட்டுவதற்கு அது போதும். டிரெய்லர் தகட்டை அதை வைத்து ஒட்ட முயல்வது அந்தச் சிலிண்டரைக் கசக்கிப் பிழிவதாகும். மூன்று கன மீட்டரில் 300 லிட்டர் கிடைக்கும். விட்டு விட்டுச் செய்தால் 10-ம் எண் நாசில் வரையிலும், தொடர்ந்து செய்தால் 7-ம் எண் வரையிலும் எரிக்கலாம். ஆறு கன மீட்டரில் 600 லிட்டர்; தொடர்ந்த வேலைக்கு 400 லிட்டர். விவசாயப் பட்டறைக்கு வரும் தகட்டு வேலை அனைத்தையும் இது தாங்கும்.

வெட்டும் வேலை வேறு கணக்கு. 6 மில்லிமீட்டர் தகட்டை வெட்டும்போது சூடேற்றும் சுடருக்கு மட்டும் மணிக்குச் சுமார் 400 லிட்டர் அசிட்டிலின் ஆகும். 12 மில்லிமீட்டருக்குச் சுமார் 480 லிட்டர். மூன்று கன மீட்டர் சிலிண்டரால் இதைக் கொடுக்க முடியாது. அசிட்டிலினை வைத்து வெட்டுவதாக இருந்தால் ஆறு கன மீட்டருக்குக் குறைந்த சிலிண்டரை நாடவே கூடாது.

தவறு நடக்கும் இடம்

12 மில்லிமீட்டர் வெட்டுக்கு ஆக்சிஜன் எவ்வளவு ஆகிறது என்று பார்த்தால், சூடேற்றவும் வெட்டவும் சேர்த்து மணிக்குச் சுமார் 2.5 கன மீட்டர். ஏழு கன மீட்டர் ஆக்சிஜன் சிலிண்டர் மூன்று மணி நேரத்துக்குள் காலி. அந்த நேரத்தில் அசிட்டிலின் ஒன்றரைக் கன மீட்டர்கூடச் செலவாகியிருக்காது. நான்கு ஆக்சிஜன் சிலிண்டர் தீரும் வரை ஒரே அசிட்டிலின் சிலிண்டர் நிற்கும்.

பட்டறைக்காரர் இதைத்தான் கண்ணால் பார்க்கிறார். அசிட்டிலின் தீர மாட்டேன் என்கிறது. மாதக் கணக்கில் வாடகை ஓடுகிறது. இதைச் சிறியதாக மாற்றிக் கொண்டால் என்ன என்று யோசிக்கிறார். கணக்குப் பார்ப்பவர் எவருக்கும் வரக் கூடிய யோசனைதான். ஆனால் அந்தச் சிலிண்டர் பெரியதாக இருப்பதே, மெதுவாக விட்டுக் கொடுப்பதற்காகத்தான். உழவு மாட்டுக்கு நாளெல்லாம் வேலை இல்லை என்பதற்காகக் கன்றுக்குட்டியை ஏரில் பூட்ட முடியாது. வாடகை உறுத்தினால் அசிட்டிலினையே விட்டுவிட வேறு வழி இருக்கிறது. அதைக் கீழே பார்க்கலாம்.

ஆக்சிஜன் சிலிண்டர்

ஆக்சிஜனுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. கேட்ட வேகத்துக்கு வந்துவிடும். எவ்வளவு இருப்பு, எவ்வளவு செலவு என்று பார்த்தால் போதும். நம் நாட்டில் பட்டறைகளில் பெரும்பாலும் புழங்குவது 46.7 லிட்டர் நீர்க் கொள்ளளவு உள்ள பெரிய சிலிண்டர். 150 கிலோ அழுத்தத்தில் நிரப்பினால் 46.7-ஐ 150-ஆல் பெருக்கி 7,005 லிட்டர், அதாவது ஏழு கன மீட்டர். சிறியது 10 லிட்டர் கொள்ளளவு. ஒன்றரைக் கன மீட்டர் பிடிக்கும்.

இந்தப் பெருக்கல் எப்போதும் பயன்படும். பெரிய சிலிண்டரின் கேஜ் 50 காட்டினால் உள்ளே 46.7 பெருக்கல் 50, சுமார் 2,335 லிட்டர் மீதம். 12 மில்லிமீட்டர் வெட்டு இன்னும் ஐம்பத்தைந்து நிமிடம் ஓடும். வேலையை ஒப்புக்கொள்வதற்கு முன்பே இதைச் சொல்லிவிட முடியும். சிறிய சிலிண்டரோ நிறைந்திருந்தாலும் இதே வெட்டுக்கு 36 நிமிடம்தான்.

சிறிய சிலிண்டரில் விலைக் கணக்கும் இடிக்கும். நிரப்பும் கூலியும் வண்டிச் சத்தமும் சிலிண்டருக்கு இவ்வளவு என்று விழுவதால், ஒரு கன மீட்டர் வாயுவுக்கு ஆகும் செலவு சிறியதில் அதிகம். மாதம் ஒரு முறை மட்டும் டார்ச்சைக் கையில் எடுப்பவருக்கு அது பரவாயில்லை. அறுவடைக் காலத்தில் நாள் தவறாமல் வெட்டும் பட்டறைக்குக் கட்டாது.

பெரிய சிலிண்டர் ஒன்று எடுப்பதைவிட இரண்டு எடுப்பது நல்லது. ஒன்று ஓடும்போது மற்றது நிறைந்து நிற்க வேண்டும். தை மாதத்தில், அறுவடை இயந்திரத்தின் சட்டம் விட்டு வயலில் நிற்கும்போது, ஆக்சிஜன் தீர்ந்துவிட்டது, நாளைக்குத்தான் வண்டி வரும் என்று சொல்கிற பட்டறைக்கு அடுத்த ஆண்டு ஆள் வராது. வேலை இல்லாத மாதங்களில் ஒன்றைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் வாடகை மிஞ்சும். எத்தனை நாள் வாடகை இல்லாமல் வைத்துக் கொள்ளலாம், அதற்கு மேல் நாளுக்கு என்ன என்பதை வாங்கும்போதே எழுத்தில் கேட்டுக் கொள்ள வேண்டும்.

எல்.பி.ஜி. போதுமா?

பல வீட்டுப் பட்டறைகளுக்குப் போதும். ஒட்டுவது எல்லாம் ஆர்க் இயந்திரத்தில், வெட்டுவதும் காய்ச்சுவதும் மட்டும் கேஸில் என்றால், ஆக்சிஜனோடு 19 கிலோ வணிக எல்.பி.ஜி. சிலிண்டரை இணைத்துக் கொள்வதே சிக்கனமானது. அசிட்டோன் தொல்லை இல்லை. வைத்திருந்தாலும் வாடகைக் கவலை குறைவு. ஆனால் சூடேற ஆக்சிஜன் கூடுதலாகப் பிடிக்கும். வெட்டுத் தொடங்கவும் சற்று நேரம் ஆகும். எல்.பி.ஜி.க்கு உரிய நாசிலும் குழாயும் தனி. அசிட்டிலின் நாசிலை அப்படியே மாட்டக் கூடாது. எல்.பி.ஜி. சுடரால் இரும்பை இரும்போடு உருக்கி ஒட்ட முடியாது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். பித்தளைக் கம்பி கொண்டு பிரேசிங் செய்யலாம்.

இதிலும் அளவு ஒரு பிரச்சினைதான். சிலிண்டருக்குள் திரவமாக இருக்கும் எல்.பி.ஜி., வாயுவாக மாறும்போது சிலிண்டரின் சூட்டை உறிஞ்சிக் கொள்கிறது. சிறிய 5 கிலோ சிலிண்டரைக் கட்டிங் டார்ச்சில் மாட்டினால் சற்று நேரத்தில் அடிப்பாகம் வியர்த்து, பனி படர்ந்து, சுடர் சுருங்கிவிடும். உடனே வெந்நீர்ப் பானைக்குள் வைப்பதும், அடியில் தீ காட்டுவதும் சில இடங்களில் நடக்கிறது. உயிரோடு விளையாடும் செயல் இது. பனி பிடித்தால் சிலிண்டர் சிறியது என்று அர்த்தம், அவ்வளவுதான். சமையலறையின் 14.2 கிலோ சிவப்புச் சிலிண்டரைப் பட்டறைக்கு இழுத்து வருவது சட்டப்படி குற்றம். மேலும் எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது. கசிந்தால் பள்ளத்தில் தேங்கும். பம்பு செட் குழி, தானியக் குதிர், கிணற்று மேடை ஆகியவற்றுக்கு அருகில் அதை வைக்கலாகாது.

கனமான தண்டையோ பட்டாவையோ வளைப்பதற்குப் பல துளைகள் கொண்ட காய்ச்சும் நாசில் மாட்டுவார்கள். அது மணிக்கு 1,000 லிட்டருக்கு மேல் அசிட்டிலின் கேட்கும். ஆறு கன மீட்டர் சிலிண்டர்கூட அதற்கு ஈடு கொடுக்காது. அவ்வகை வேலைக்கு எல்.பி.ஜி. நல்லது. அதைவிட நல்லது ஊர்க் கொல்லரின் உலைக்களம். கொழு காய்ச்சித் தட்டுவதற்குத் துருத்தியும் கரியும் இருக்கும் ஊரில் சிலிண்டரைத் திறப்பது வீண் செலவு. சிலர் கார்பைடு போட்டுத் தாங்களே அசிட்டிலின் தயாரிக்கும் பழைய டின்களை இன்னும் வைத்திருக்கிறார்கள். மாம்பழத்தைப் பழுக்க வைக்கக் கூடாது என்று தடை செய்யப்பட்ட அதே கார்பைடுதான். நம்பகமான அழுத்தக் கட்டுப்பாடும் தண்ணீர்த் தடுப்பும் இல்லாத அந்த டின்களைப் பட்டறையிலிருந்து அகற்றிவிடுவதே மேல்.

அசிட்டிலினோ எல்.பி.ஜி.யோ, எதுவானாலும் ஆக்சிஜன் இல்லாமல் டார்ச் வெட்டாது. 2021 ஏப்ரலில் கொரோனா இரண்டாம் அலையின்போது தொழில் உபயோகத்துக்கு ஆக்சிஜன் வழங்குவதை மத்திய அரசு தடுத்து, மருத்துவமனைகளுக்குத் திருப்பிவிட்டது. அத்தகைய நாளிலும் ஆர்க் இயந்திரமும் கிரைண்டரும் வைத்திருக்கும் பட்டறை அடியோடு நின்றுவிடாது.

வயர் வெல்டிங்குக்கு

சுருள் கம்பி ஊட்டும் மிக் இயந்திரம் வைத்திருப்பவர்கள் கார்பன் டை ஆக்சைடு வாங்குகிறார்கள். பெரிய சிலிண்டரில் சுமார் 30 கிலோ இருக்கும். வாயுவாக அது 16 கன மீட்டர். நிமிடத்துக்கு 12 லிட்டர் விட்டால் சுடர் எரியும் நேரம் மட்டும் 22 மணி. ஏழு கன மீட்டர் ஆர்கான் இதே வேகத்தில் பத்து மணிக்கும் குறைவாகவே வரும். கார்பன் டை ஆக்சைடில் கேஜைப் பார்த்து இருப்பைச் சொல்ல முடியாது. உள்ளே திரவம் தீரும் வரை முள் ஏறத்தாழ ஓரிடத்திலேயே நிற்கும். வெயிலுக்கு ஏறும், இரவில் இறங்கும். தராசில் நிறுத்து, சிலிண்டரில் பொறித்துள்ள காலி எடையைக் கழிப்பதே வழி. அசிட்டிலினுக்கும் இதே தராசுக் கணக்குத்தான். ஒரு கிலோவுக்குச் சுமார் 0.9 கன மீட்டர். நான்கு பக்கமும் திறந்த சாய்ப்பில் காற்று வீசினால் 12 லிட்டர் போதாமல் 20 வைக்கத் தோன்றும். பெரிய சிலிண்டர் வாங்குவதற்கு முன் ஒரு கீற்றுத் தட்டி கட்டிப் பார்க்கலாம்.

கொண்டு வருவதும் வைப்பதும்

சிறிய சிலிண்டரை மொபெட்டில் முன்னால் வைத்துக் கொண்டு வந்துவிடலாம் என்பதற்காகவே அதை விரும்புவோர் உண்டு. வாயு நிரப்பிய சிலிண்டரைச் சைக்கிளிலோ இருசக்கர மோட்டார் வாகனத்திலோ ஏற்றக் கூடாது என்பது விதி. சிலிண்டர் சிறியதானாலும் பெரியதானாலும் நான்கு சக்கர வண்டிதான் வேண்டும். வண்டி எப்படியும் வேண்டும் என்றால் சிறியதன் அந்தச் சலுகையும் போயிற்று.

பெரிய ஆக்சிஜன் சிலிண்டர் சுமார் 60 கிலோ எடை இருக்கும். ஒரே ஆள் உருட்டித் தள்ளுவதைவிட, இரண்டு சக்கரமும் சங்கிலியும் கொண்ட தள்ளுவண்டி ஒன்றைப் பட்டறையிலேயே செய்து கொள்வது நலம். மூடி இல்லாமல் சிலிண்டரை நகர்த்தக் கூடாது. அசிட்டிலின் எப்போதும் நிமிர்ந்தே நிற்க வேண்டும். வண்டியில் படுத்தபடி வந்திருந்தால் நிமிர்த்தி வைத்துச் சில மணி நேரம் கழித்தே திறக்க வேண்டும். இல்லாவிட்டால் அதிலும் அசிட்டோன் வரும். ஆறு கன மீட்டரும் போதாத வேலை அடிக்கடி வந்தால், இரண்டு அசிட்டிலின் சிலிண்டர்களை அதற்கென்றே செய்த மேனிஃபோல்டில் இணைத்து ஒவ்வொன்றிலும் பாதிப் பாதியாக இழுக்கலாம். தண்ணீர்க் குழாய் டீயையோ செப்புக் குழாயையோ கொண்டு இணைப்பது கூடவே கூடாது. செம்போடு சேர்ந்தால் அசிட்டிலின் வெடிக்கும் கூட்டுப் பொருளை உண்டாக்கும். சுடர் பின்னோக்கி ஓடாமல் தடுக்கும் அரெஸ்டரை இரண்டு குழாய்களிலும் மாட்டியிருக்க வேண்டும்.

விவசாயப் பட்டறைக்கே உரிய ஆபத்து ஒன்று உண்டு. டிராக்டர் பேரிங்குக்குக் கிரீஸ் அடித்த கையோடு ஆக்சிஜன் வால்வைத் தொடுவது. அழுத்தமான ஆக்சிஜன் பட்டால் எண்ணெயும் கிரீஸும் தாமாகவே தீப்பற்றும். வால்வு இறுகியிருக்கிறதென்று ஒரு சொட்டு எண்ணெய் விடுவது மண்ணெண்ணெயில் தீக்குச்சியைப் போடுவதற்குச் சமம்.

சொந்தமாக வாங்கி வைத்தால் வாடகை இல்லையே என்று, பழைய இரும்புக் கடையில் கிடைக்கும் சிலிண்டரைத் தேடுவோர் அதன் தோளில் பொறித்துள்ள சோதனைத் தேதியைப் பார்க்க வேண்டும். ஆக்சிஜன் சிலிண்டருக்கு ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை நீரழுத்தச் சோதனை செய்திருக்க வேண்டும். தேதி கடந்ததை நிரப்பும் நிலையத்தில் வாங்க மாட்டார்கள். சொந்தச் சிலிண்டரை நிரப்பித் தருவார்களா, மாற்றுச் சிலிண்டர்தான் தருவார்களா என்பதையும் பணம் கொடுப்பதற்கு முன்பே அந்த நிலையத்தில் விசாரித்துக் கொள்ள வேண்டும். காலியானதைத் திருப்பி அனுப்பும்போது முற்றிலும் வடித்துவிடாமல் சிறிது அழுத்தத்தை மிச்சம் வைத்து, வால்வை இறுக்கி, மூடி போட்டு, மேலே சாக்குக்கட்டியால் 'காலி' என்று எழுதி அனுப்பினால் நிறைந்ததும் காலியும் வண்டியில் கலந்து போகாது.